உலாவியைப் பின்தொடரும் விளம்பரக் கண்கள்: எதை முதலில் அடைப்பது, எப்படி அடைப்பது

என் சித்தப்பாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்க வேண்டியிருந்தது. அதைத் தேடுவது வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்த சித்தி, கைபேசியில் உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, அதற்குள் மட்டுமே நான்கைந்து விற்பனையாளர்களின் தளங்களைப் பார்த்தார். அவற்றில் ஒன்று விலையைக் காட்டுவதற்கு முன்பு கைபேசி எண்ணைக் கேட்டது, அவரும் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, அவர் தினமும் பார்க்கும் சமூக வலைத்தளச் செயலியில் காது கேட்கும் கருவிகளின் விளம்பரங்கள் வரத் தொடங்கின. "இன்காக்னிட்டோலதானே பார்த்தேன், அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?" என்று அவர் கேட்டபோது என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்ல முடியாமல் போன பதிலையும், அதன்பிறகு அவருடைய கைபேசியிலும் என் கணினியிலும் நான் செய்த மாற்றங்களையும் இங்கே எழுதுகிறேன்.

விளம்பர நிறுவனங்கள் இணையத்தில் ஒருவரை அடையாளம் காண மூன்று பிடிகள் உள்ளன. முதலாவது, உலாவிக்குள் அவை வைத்துவிட்டுப் போகும் குறி. இரண்டாவது, எந்தக் குறியும் இல்லாமலே நம் உலாவியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அதன் தோற்றம். மூன்றாவது, நாமே தட்டச்சு செய்து கொடுக்கும் மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும். முதல் பிடியைப் பத்து நிமிடத்தில் அறுத்துவிடலாம். இரண்டாவதை ஓரளவுக்குத் தளர்த்தலாம். மூன்றாவது பிடியை எந்த மென்பொருளும் நமக்காக அறுத்துத் தராது. இருந்தும் பெரும்பாலான வழிகாட்டிகள் முதல் பிடியோடு நின்றுவிடுகின்றன என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

முதலில் கண்ணால் பாருங்கள்

கணினி இருந்தால், எதையும் மாற்றுவதற்கு முன்பு ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். குரோம் அல்லது ஃபயர்பாக்ஸில் புதிய தாவல் ஒன்றைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். பக்கவாட்டிலோ அடியிலோ திறக்கும் பலகத்தில் 'நெட்வொர்க்' என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்த பிறகு, நீங்கள் அன்றாடம் படிக்கும் செய்தித்தளம் ஒன்றின் முகவரியை இடுங்கள். பக்கம் வந்து சேரச் சேர, உலாவி யார் யாரிடம் பேசுகிறது என்ற பட்டியல் வரி வரியாக வளரும். செய்தியும் அதன் படங்களும் வந்து முடிந்த பிறகும் அந்தப் பட்டியல் நிற்பதில்லை. டபுள்கிளிக், கூகுள் டேக் மேனேஜர், ஃபேஸ்புக் ஆகியவற்றோடு, நீங்கள் கேள்விப்பட்டே இராத பெயர்களும் அதில் வந்துகொண்டிருப்பதைக் காணலாம்.

அந்த வரிகளில் படம் என்று குறிக்கப்பட்டவற்றைச் சொடுக்கிப் பார்த்தால், அகலம் ஒரு புள்ளி, உயரம் ஒரு புள்ளி என்ற அளவில் ஒரு படம் அநேகமாகச் சிக்கும். அதைக் கண்ணால் காண முடியாது. காண்பதற்காக அது வைக்கப்படவும் இல்லை. அந்தப் படத்தைக் கேட்டு உலாவி அனுப்பும் கோரிக்கையோடு, எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள், எந்த நேரத்தில், எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும் எண்), எந்த அடையாளக் குறியோடு வந்தீர்கள் என்ற விவரங்கள் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

இதற்கிடையே இன்னொன்றும் நடக்கிறது. பக்கத்திலுள்ள காலி விளம்பர இடம், நீங்கள் காத்திருக்கும் அந்த ஒரு நொடிக்குள்ளேயே ஏலத்துக்கு விடப்படுகிறது. இன்ன கைபேசி, இன்ன ஊர்ப்பக்கம், இன்ன பக்கத்தைப் படிப்பவர், இன்ன குறி எண் உடையவர் என்ற சிறு விவரக் குறிப்பு பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்படுகிறது. அவை விலை கேட்கின்றன. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் உங்கள் திரைக்கு வருகிறது. நாம் கவலைப்பட வேண்டியது வென்றவரைப் பற்றி மட்டும் அல்ல. ஏலத்தில் தோற்றவர்களின் கையிலும் அந்த விவரக் குறிப்பு போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே, வந்த விளம்பரத்தைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போனால் போதும் என்ற எண்ணம் சரியல்ல. விளம்பரம் திரைக்கு வரும்போதே தகவல் வெளியே போயிருக்கும்.

குக்கீ என்ற முதல் பிடி

குக்கீ என்பது, ஒரு தளம் நம் உலாவியிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல்லும் சிறு எழுத்துத் துண்டு. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனதும் வந்தவர் யார் என்பதையே தளம் மறந்துவிடும் நிலையில், இணையக் கடையின் கூடையில் போட்ட பொருள் கூடையிலேயே இருக்க ஒரு வழி தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு அது நேர்மையான தீர்வு. இன்றும் மின்னஞ்சலில் ஒருமுறை உள்நுழைந்த பிறகு ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கப்படாமல் இருப்பது குக்கீயால்தான்.

சிக்கல் எங்கே தொடங்கியது என்றால், ஒரு பக்கத்துக்குள் வேறொரு நிறுவனத்தின் படமோ நிரலோ இடம்பெறும்போது, அந்த வேறொரு நிறுவனமும் தன் குக்கீயை வைக்கலாம் என்று ஆனதில். ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் ஆயிரம் தளங்களில் இருந்தால், அந்த ஆயிரத்திலும் அதே குக்கீ திரும்பத் திரும்ப அதே நிறுவனத்துக்குப் போகும். காலையில் சமையல் குறிப்பு படித்தவரும் மதியம் கடன் வட்டி பார்த்தவரும் இரவில் நோயின் அறிகுறியைத் தேடியவரும் ஒருவரே என்பது அதற்குத் தெரிந்துவிடும். இதற்குத்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ என்று பெயர். 1990-களில் இந்த வழியில் வளர்ந்த டபுள்கிளிக் நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக கூகுள் 2007-இல் அறிவித்து, 2008-இல் வாங்கி முடித்தது.

ஆகவே முதல் வேலை, மூன்றாம் தரப்புக் குக்கீயை அடைப்பது. ஆப்பிளின் சஃபாரி இவற்றை 2020 மார்ச் முதல் தானாகவே முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2019 செப்டம்பரில் கண்காணிப்புக் குக்கீகளைத் தானாகத் தடுக்கத் தொடங்கியது. 2022 ஜூனில் கணினிப் பதிப்பில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி ஜாடி வைத்தாற்போல, ஒரு தளத்தில் வைத்த குக்கீ மற்றொரு தளத்தில் தென்படாதபடி பிரித்து வைக்கும் ஏற்பாட்டை எல்லோருக்கும் இயல்பாக்கியது. குரோமின் கதை வேறு. இவற்றை இரண்டு ஆண்டுகளில் ஒழிப்பதாக கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்து, பிறகு திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டு, பயனரே தேர்ந்தெடுக்கட்டும் என்றது. அப்படித் தேர்ந்தெடுக்கக் கேட்கும் தனிச் சாளரமும் கிடையாது என்று 2025 ஏப்ரலில் தெரிவித்தது. உலகில் மிக அதிகமாகப் பயன்படும் உலாவியில் இந்தக் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது. நாமாகப் போய்ச் சாத்தினால்தான் உண்டு.

அதைச் சாத்துவது எளிது. குரோமில் மேலே வலப்புறமுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகளுக்குள் சென்று, தனியுரிமை, பாதுகாப்பு தொடர்பான பகுதியில் மூன்றாம் தரப்புக் குக்கீகள் என்ற வரியைத் திறந்து, அவற்றைத் தடுக்கும்படி மாற்றுங்கள். அதே பகுதியில் விளம்பரத் தனியுரிமை என்ற வரி உங்கள் பதிப்பில் இருந்தால், அதற்குள் இருப்பவை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃபயர்பாக்ஸில் அமைப்புகளில் கண்காணிப்புப் பாதுகாப்பை 'ஸ்ட்ரிக்ட்' என்ற கடும் நிலைக்கு மாற்றலாம். ஐபோனில் சஃபாரியின் அமைப்புகளுக்குள், தளங்களுக்கு இடையே பின்தொடர்வதைத் தடுக்கும் வரி இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கையோடு கையாக அறிவிப்புகளையும் பார்த்துவிடுங்கள். குரோமின் தள அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற பகுதியில், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். சித்தியின் கைபேசியில் அந்தப் பட்டியல் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நீளத்துக்கு இருந்தது. ஏதோ ஒரு ராசிபலன் பக்கத்தையோ ரயில் நேரப் பக்கத்தையோ படிக்கும் அவசரத்தில் 'அனுமதி' என்று தொட்டதெல்லாம் அங்கே தேங்கியிருந்தது. ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் நீக்கினோம்.

தடுப்பான்: ஒன்று போதும்

குக்கீயை அடைத்தாலும் பின்தொடரும் நிரல் பக்கத்துக்குள் வந்து ஓடத்தான் செய்யும். அது வராமலே செய்வதற்குத்தான் தடுப்பான் என்ற நீட்சி, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள், தேவை. என் தேர்வு யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்ற நிரலாளர் 2014-இல் வெளியிட்ட இந்தத் திறந்த மூல மென்பொருளுக்கு அவர் நன்கொடை கூட வாங்குவதில்லை. பெயரில் 'ஆரிஜின்' என்ற சொல் இருப்பதைப் பார்த்து நிறுவுங்கள். அந்தச் சொல் இல்லாமல் வெறும் யூபிளாக் என்ற பெயரில் இருப்பது வேறு.

இங்கேயும் உலாவித் தேர்வு முக்கியம். நீட்சிகளுக்கான விதிகளை குரோம் மாற்றியதால், யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் இப்போது அதில் இயங்குவதில்லை; 'லைட்' என்ற சுருக்கப்பட்ட வடிவம் மட்டுமே கிடைக்கிறது. அதுவும் இல்லாததைவிட மிக நன்று. ஆண்ட்ராய்டு கைபேசியிலுள்ள குரோமில் நீட்சிகளுக்கே இடமில்லை. அதே கைபேசியில் ஃபயர்பாக்ஸை நிறுவினால் யூபிளாக் ஆரிஜினை முழுமையாகச் சேர்க்கலாம். நம்மில் பலருக்குக் கைபேசிதான் ஒரே கணினி என்பதால், இந்த வழிகாட்டியிலிருந்து ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்பவருக்கு நான் சொல்வது இதுதான்: கைபேசியில் ஃபயர்பாக்ஸை நிறுவுங்கள், அதில் யூபிளாக் ஆரிஜினைச் சேருங்கள், அதையே இயல்பு உலாவியாக வைத்துக்கொள்ளுங்கள். நீட்சி எதுவும் சேர்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு, தடுப்பான் உள்ளேயே அமைந்த பிரேவ் உலாவி பொருந்தும்.

நீட்சிகளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். நாம் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும் அதிகாரம் பல நீட்சிகளுக்கு உண்டு. பாதுகாப்பு மென்பொருளுக்குப் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், தன் நீட்சிகள் வழியாகவும் வைரஸ் தடுப்பு மென்பொருள் வழியாகவும் திரட்டிய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் மூலம் விற்றது 2020 ஜனவரியில் வெளிவந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் அதற்காக 1.65 கோடி டாலர் கட்டச் செய்தது. காவலுக்கு வைத்தவரே வீட்டு விவரங்களை விற்ற கதை இது. வேலை செய்யும் தடுப்பான் ஒன்று இருக்கும்போது இரண்டாவது வேண்டாம்.

உலாவியின் கைரேகை

இரண்டாவது பிடிக்கு வருவோம். பக்கத்தைச் சரியாகக் காட்டுவதற்காக, திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், மொழி, வரைகலை அட்டை எனப் பலவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு உலாவி பதில் சொல்கிறது. தனித்தனியாக ஒவ்வொன்றும் சாதாரணமானவை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சேர்க்கை உங்களிடம் மட்டுமே இருக்கக்கூடும். 2010-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லி, தாமாக முன்வந்த 4,70,161 உலாவிகளைச் சோதித்தபோது 83.6 விழுக்காடு உலாவிகளின் கைரேகை வேறெதனோடும் ஒத்துப்போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓவியம் ஒன்றை உலாவியிடம் வரையச் சொல்லி, அதன் புள்ளிகளில் கருவிக்குக் கருவி ஏற்படும் நுண்ணிய வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளும் முறையும் உண்டு. குக்கீயை நீக்கலாம், கைரேகையை நீக்க முடியாது என்பதுதான் இதன் கொடுமை.

தன் விளம்பரச் சேவைகளைப் பயன்படுத்துவோர் இத்தகைய கைரேகை முறையைக் கையாள்வதற்கு இருந்த தடையை கூகுள் 2025 பிப்ரவரி 16 முதல் தளர்த்தியது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்த முடிவை முன்கூட்டியே வெளிப்படையாகக் கண்டித்திருந்தது.

நாம் செய்யக்கூடியது என்ன? கூட்டத்தில் தனித்துத் தெரியாமல் இருப்பது ஒரு வழி. அடையாளம் தெரியாமல் உலாவுவதற்கென்றே உள்ள டார் உலாவி இந்த வழியில் எல்லாப் பயனர்களையும் ஒரே மாதிரி காட்ட முயல்கிறது. அதனால்தான் அதன் சாளர அளவை மாற்றுவதும் நீட்சி சேர்ப்பதும் கூடாது என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சிறிது மாற்றிச் சொல்வது இன்னொரு வழி. பிரேவ் அதைச் செய்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு, ஃபயர்பாக்ஸின் கடும் நிலையும் யூபிளாக்கும் சேர்ந்து, கைரேகை எடுக்கும் நிரல்களில் தெரிந்தவற்றை ஓடவே விடாமல் தடுப்பது போதுமானது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் 'கவர் யுவர் டிராக்ஸ்' என்ற இலவசச் சோதனைப் பக்கத்தை மாற்றங்களுக்கு முன்பும் பின்பும் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். உங்கள் கைரேகை தனித்தது என்றே அது பின்னரும் சொல்லக்கூடும்; அதற்காக மனம் தளர வேண்டாம். கண்காணிக்கும் நிரல்கள் தடுக்கப்படுகின்றனவா என்ற வரியை முதலில் பாருங்கள்.

நாமே கொடுக்கும் பிடி

சித்தியின் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. மறைநிலைச் சாளரம் முக்கியமாகச் செய்வது இதுதான்: மூடியதும், அந்தக் கருவியில் வரலாற்றையும் குக்கீகளையும் அழித்துவிடுகிறது. அதே கைபேசியை எடுத்துப் பார்க்கும் வீட்டாரிடமிருந்துதான் அது மறைக்கிறது, தளங்களிடமிருந்து அல்ல. இதைப் பற்றி 2020-இல் அமெரிக்காவில் கூகுள் மீது தொடரப்பட்ட வழக்கு, 2024-இல் கோடிக்கணக்கான உலாவல் பதிவுகளை அழிப்பதாக அந்நிறுவனம் ஒப்புக்கொண்டதில் முடிந்தது.

சித்தியோ மறைநிலைக்குள்ளேயே தன் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டார். விற்பனையாளர்கள் தங்களிடமுள்ள எண்களையும் மின்னஞ்சல்களையும், சங்கேத வடிவுக்கு மாற்றி, விளம்பரத் தளங்களில் ஏற்றும் வசதி உண்டு. பயனர்கள் பதிவு செய்த எண்களும் அதே முறையில் மாற்றப்பட்டிருப்பதால், இரண்டும் பொருந்தும் இடத்தில் ஆள் கிடைத்துவிடுகிறார். சித்திக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். குக்கீ, கைரேகை, மறைநிலை எதுவுமே இதில் சம்பந்தப்படவில்லை. நம் நாட்டில் எதற்கெடுத்தாலும் ஓடிபி என்று ஆகிவிட்டதால், மற்ற நாடுகளில் மின்னஞ்சல் வகிக்கும் இடத்தை இங்கே கைபேசி எண் பிடித்துக்கொண்டது. அதுவோ ஆண்டுக்கணக்கில் மாறாத ஒன்று.

எனவே, விலையைப் பார்ப்பதற்கு எண் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். அதே பொருளை எண் கேட்காமல் காட்டும் தளம் பெரும்பாலும் இருக்கும். கடையில் பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க" என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். எண் தராவிட்டால் சேவை இல்லை என்று வாடிக்கையாளர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் சில்லறை வணிகத்தினருக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மின்னஞ்சல் தந்தே ஆக வேண்டிய இடங்களில், ஃபயர்பாக்ஸ் ரிலே, டக்டக்கோ போன்றவை தரும் மாற்று முகவரியைக் கொடுத்தால், அதற்கு வரும் கடிதங்கள் உங்கள் பெட்டிக்கே வந்து சேரும்; தொல்லையானால் அந்த முகவரியை மட்டும் அணைத்துவிடலாம். ஜிமெயில் முகவரியில் கூட்டல் குறி சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தக் குறிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிய ஒரு வரி நிரல் போதும்.

இரண்டு உலாவிகளை வைத்துக்கொள்வது என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்ட பழக்கம். வங்கி, மின்னஞ்சல், அரசுத் தளங்கள் போல உள்நுழைந்தே ஆக வேண்டியவற்றுக்கு ஒன்று. செய்தி, தேடல், வாசிப்பு, விலை விசாரிப்புக்கு மற்றொன்று. இதில் எங்கும் உள்நுழைவதில்லை, மூடும்போது குக்கீகள் தாமாக அழியும்படி அமைத்துவிட வேண்டும். ஜிமெயில் திறந்திருக்கும் உலாவியில் கூகுளில் தேடினால், அந்தத் தேடல் உங்கள் பெயரில்தான் பதிவாகும். கூகுள் கணக்கின் தரவு, தனியுரிமைப் பகுதியில் இணையம், செயலி, யூடியூப் ஆகியவற்றின் செயல்பாட்டுப் பதிவை நிறுத்தலாம். நிறுத்த மனமில்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு முந்தையவை தானாக அழியும்படியாவது வையுங்கள். விளம்பர மையம் என்ற பகுதியில் தனிப்பயன் விளம்பரங்களையும் அணைக்கலாம். அதனால் விளம்பரங்கள் உங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுவது நிற்கும். பதிவு செய்வதே நின்றுவிடுவதாகப் பொருள் கொள்ள வேண்டாம்.

கைபேசியில் உலாவிக்கு வெளியே

உலாவியை எவ்வளவு கவனமாக அமைத்தாலும் அதே கைபேசியிலுள்ள செயலிகள் அதைக் கவிழ்த்துவிடக்கூடும் என்பதற்கு 2025 ஜூன் 3 அன்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு சான்று. தளங்களில் பதிந்திருந்த, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பின்தொடரும் நிரல், ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளேயே உள்ள ஒரு வழியாக, அதில் நிறுவப்பட்ட ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகளோடு பேசியது. உலாவியிலிருந்த பெயரற்ற குறி, செயலியிலிருந்த பெயருள்ள கணக்கோடு இவ்வாறு இணைந்தது. மறைநிலையும் குக்கீ நீக்கமும் இதைத் தடுக்கவில்லை. மெட்டா இதை 2024 செப்டம்பர் முதலும், ரஷ்யாவின் யாண்டெக்ஸ் 2017 முதலும் செய்துவந்ததை ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெளியான அன்றே மெட்டா அதை நிறுத்திக்கொண்டது. சமூக வலைத்தளங்களைச் செயலியாக நிறுவாமல் உலாவியில் திறந்து பயன்படுத்துவது இதனால்தான் மேலானது. நிறுவியே ஆக வேண்டும் என்றால், அந்தச் செயலிக்குள் வரும் இணைப்பைச் செயலிக்குள்ளேயே திறக்காமல், மூன்று புள்ளிகளைத் தொட்டு வெளி உலாவியில் திறங்கள்.

ஆண்ட்ராய்டில் கூகுள் அமைப்புகளுக்குள் விளம்பரங்கள் என்ற பகுதியில் விளம்பர அடையாள எண்ணை நீக்கும் வரி இருக்கிறது. இப்போதே நீக்கிவிடுங்கள், எந்தச் செயலியும் அதனால் கெடுவதில்லை. ஐபோனில் தனியுரிமைப் பகுதியில், பின்தொடர அனுமதி கேட்பதையே செயலிகளுக்கு மறுக்கலாம்.

பகிரும் இணைப்புகளிலும் குறி ஒட்டிக்கொண்டு வரும். வாட்ஸ்அப்பில் வந்த முகவரி ஒன்றை நிதானமாகப் பாருங்கள். தளத்தின் பெயர், கட்டுரையின் பெயர், பிறகு ஒரு கேள்விக்குறி, அதன்பின் பொருள் விளங்காத எழுத்துச் சரம். அந்தச் சரம் யுடிஎம் (utm) என்று தொடங்கினால் எந்த விளம்பரம் வழியாக வந்தீர்கள் என்பதையும், எஃப்பிசிஎல்ஐடி (fbclid) என்று தொடங்கினால் ஃபேஸ்புக்கில் நடந்த எந்தச் சொடுக்கு என்பதையும் சொல்வது. யூடியூபின் பகிர்வு இணைப்புகளில் எஸ்ஐ (si) என்ற இரண்டெழுத்தோடு வரும் துண்டும் இந்த வகையே. கேள்விக்குறியிலிருந்து கடைசி வரை அழித்துவிட்டுப் பக்கம் திறக்கிறதா என்று பார்த்தபின் மற்றவருக்கு அனுப்புங்கள். சில தளங்களில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதுதான் பக்கத்தின் எண்ணாகவும் இருக்கும். அங்கே அதை விட்டுவிட வேண்டும். ஃபயர்பாக்ஸில் இந்த வாலை நீக்கிவிட்டு நகலெடுக்கும் வசதியே இருக்கிறது.

விபிஎன் பற்றிப் பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாக அனுப்பி, ஐபி முகவரியை மறைக்கிறது. குக்கீயையும் கைரேகையையும் தொடுவதில்லை. இலவச விபிஎன் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. பாதுகாப்புக்கென்று சொல்லப்பட்ட ஒனாவோ என்ற செயலி, பயனர்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் தன் உரிமையாளரான ஃபேஸ்புக்குக்குத் தெரிவித்துவந்தது. 2018 ஆகஸ்டில் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து அது விலக்கப்பட்டது.

'என்னைப் பின்தொடராதே' என்று உலாவி சொல்லும் பழைய அமைப்பை நம்ப வேண்டாம். அதைத் தளங்கள் மதிக்கவில்லை, அதன் தரத்தை வகுக்க அமைந்த குழு 2019-இல் கலைந்தது, ஃபயர்பாக்ஸும் அதை 2025-இல் நீக்கிவிட்டது. அதன் இடத்தில் வந்துள்ள, 'என் தரவை விற்காதே, பகிராதே' என்று தளங்களுக்குச் சொல்லும் குளோபல் பிரைவசி கன்ட்ரோல் என்ற அமைப்பை இயக்கி வையுங்கள். அதற்குக் கலிபோர்னியாவில் சட்ட வலு உண்டு. அங்கே அதை மதிக்காத செஃபோரா நிறுவனம் 2022-இல் 12 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. இந்தியாவில் 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. பெரியவர்களுக்கு அத்தகைய தெளிவான தடை அதில் இல்லை.

கடைசியாக, இவ்வளவையும் செய்த பிறகு ஏதேனும் ஒரு தளம் கட்டாயம் மக்கர் செய்யும். பணம் செலுத்தும்போது ஓடிபி பக்கம் வெறுமையாக நிற்கும். உள்நுழைந்த பிறகும் உள்நுழையச் சொல்லும். அந்த நேரத்து எரிச்சலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அப்படியே மறந்துபோகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முகவரிப் பட்டையை ஒட்டியுள்ள கேடயச் சின்னத்தையோ கண் சின்னத்தையோ தொட்டு அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தளர்வு கொடுங்கள். போதாவிட்டால் யூபிளாக்கின் பெரிய பொத்தானை அந்தத் தளத்தில் மட்டும் அணையுங்கள். சித்தியின் கைபேசியில் மின்கட்டணத்துக்கும் ரயில் முன்பதிவுக்கும் மட்டும் குரோமை விட்டுவைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் ஃபயர்பாக்ஸை முகப்புத் திரையின் அடிவரிசையில், குரோம் இருந்த அதே இடத்தில் வைத்துக் கொடுத்தேன். விரல் பழகிய இடம் மாறாததால் அவருக்கு இரண்டே நாளில் அது பழகிவிட்டது.